அந்தப் பக்கம் வழி கீதா?

"மேடம், இன்னொரு வாட்டி மெதுவா சொல்லுங்க. புரியல."

திரையோரத்தில் மூன்றாவது முறையாக அதே ஆளின் எழுத்து. பெயர் கிடையாது, 'விருந்தினர்' என்று மட்டும் இருந்தது. சங்கமித்ராவுக்குக் காது சூடாயிற்று.

புரதங்களின் உருவத்தை இணையத்திலேயே திருப்பித் திருப்பிப் பார்த்து ஆராய்வது எப்படி என்று, தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் தன் வீட்டிலிருந்து அவள் நடத்தும் முதல் வகுப்பு. யார் வேண்டுமானாலும் சேரலாம். கல்லூரிப் பிள்ளைகள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து ஹரோல்ட் சாரும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்தால்தான் அவளுக்கு இந்த வேலை கிடைக்கும்.

அதனால்தான் பாருங்கள், வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிடக் கூடாதென்று பயந்து பயந்து பேசினாள். அப்படியும் ஆரம்பத்திலேயே 'இருக்கு' என்பதற்கு 'கீது' என்று நழுவிவிட்டது. நாலைந்து பேர் சிரித்தும் விட்டார்கள்.

ரிப்பன் சுருளாய்ச் சுழன்ற புரதத்தைக் காட்டி, "நடுவுல குழி தெரியுதில்ல? மருந்து அதுக்குள்ளதான் போய் உக்காரும்" என்றாள்.

உடனே அந்த விருந்தினரிடமிருந்து வந்து விழுந்தது: "உள்ள போக வழி கீது மேடம். அந்தப் பக்கம் வெளிய வர வழி கீதா?"

திரை முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். என் பேச்சைத்தான் நக்கலடிக்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாததற்கு, பதிலும் தெரியவில்லை.

"கத்துக்க வந்தா இருங்க. கேலி பண்ண வந்தா கிளம்புங்க!" அந்த ஆள் பதில் எழுதுவதற்குள் வெளியேற்றும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

வகுப்பு முடிந்தும் மனசு கேட்கவில்லை. அதே தளத்தில் புரதத்தைக் குறுக்காக வெட்டிப் பார்த்தாள். குழி அங்கேயே முடியவில்லை. வளைந்து வளைந்து போய் மறுபக்கம் திறந்திருந்தது. கேலிக்காரன் கேட்கிற கேள்வியா இது? எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்! வெட்கத்தில் தனியாக உட்காரவே முடியவில்லை அவளால்.

வெளியே வந்தாள். வாசற்படியில் அப்பா கௌதமன் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷம் தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்ட்டில் இறங்கி ஏறிய மனுஷன், கையில் போனும் மடியில் நோட்டுமாக, திட்டு வாங்கிய பிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, வெயில்ல உக்காந்துகினு கீற?"

அப்பா மெல்ல எழுந்து நின்றார்.

"மேடம் வெளிய அனுப்பிட்டாங்கம்மா."