முள்ளெழுத்து

சுவரிலிருந்து கிழித்து வந்த போஸ்டரை மைத்துனனின் மேசைமேல் விரித்துப் போட்டார் எழுத்துக்காரர். பசைகூட இன்னும் காயவில்லை.

'பாழ்வீடு' என்று ஏதோ பேய் நாடகம். நாடகம் எக்கேடோ கெட்டுப் போகட்டும். சாண் உயரத்துக்கு நிற்கும் அந்த எழுத்துகள் அவர் வரைந்தவை.

பழைய தேவாலயங்களின் ஊசிக் கோபுரங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்த எழுத்துரு. வளைந்து நெளியும் தமிழெழுத்தை ஒடித்து, மடக்கி, முனைக்கு முனை முள் வைக்க இரண்டு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு படக் கம்பெனி வாங்குவதாகப் பேச்சு. அதுவரை வேறெங்கும் தலைகாட்டக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அது தெருச் சுவரில் பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

வெளியே போன பிரதிகள் இரண்டே. ஒன்று கம்பெனிக்கு, மாதிரி பார்க்க. மற்றது எழுத்துகளின் இடைவெளியைச் சரிபார்க்க மைத்துனனுக்கு. கம்பெனி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமா?

காலையில் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னவளே அவர் மனைவிதான். "என் தம்பின்னு பாக்காதீங்க, போய் நல்லா கேளுங்க" என்றாள். அந்த நேர்மையில் அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

மைத்துனன் முகத்தில் ஈயாடவில்லை. செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தான். குற்றமுள்ளவனுக்குத்தான் இப்படித் தொண்டை வறளும் என்று நினைத்துக்கொண்டார்.

"சத்தியமா நான் யாருக்கும் குடுக்கல அத்தான்."

"நீ எதுவும் சொல்ல வேணாம். எழுத்தே சொல்லும்."

எழுத்துக்காரர் யாரையும் நம்பி எதையும் கொடுக்கிற ஆளில்லை. கையைவிட்டுப் போகும் ஒவ்வொரு பிரதியிலும் ஏதாவது ஓர் எழுத்தில் மயிரிழை வெட்டு ஒன்று வைத்துவிடுவார். மைத்துனன் பிரதியில் 'ழ'வின் வால் நுனியில். கம்பெனிப் பிரதியில் 'வ'வின் மூக்கில். வாங்கினவர்களுக்கே தெரியாது.

பூதக்கண்ணாடியை 'ழ'மேல் வைத்துக் குனிந்தார். இன்றைக்கு இவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

வால் நுனி முழுசாக இருந்தது.

போஸ்டரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடி பார்த்தார். வெட்டு இல்லை.

கண்ணாடியை 'வ'வுக்கு நகர்த்தினார். மூக்கும் முழுசாக இருந்தது.

எழுத்துக்காரர் கண்ணாடியைக் கீழே வைத்தார். வெட்டே வைக்காத பிரதி ஒன்று உண்டு. வீட்டுக் கணினியில் இருப்பது. வீட்டுக்குள் எதற்கு அடையாளம் என்று விட்டிருந்தார். அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

மைத்துனன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்க அவருக்குக் கூசியது.

சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, ஒத்துக்கிட்டானா?"