பூபதிக்குக் கிடைத்த வளைவு

கார் பந்தயம் ஓடினால் பூபதியின் வீட்டில் டிவியைவிட அவர் சத்தம்தான் அதிகம். "அந்த வளைவுல பிரேக் எதுக்குங்கறேன்? பயந்தவனெல்லாம் டவுன் பஸ்ல போகட்டும்!" என்று சோபாவைக் குத்துவார்.

ரசிகர்கள் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, பந்தயம் நடத்துகிறவர்களே ஒரு வழி செய்துவிட்டார்கள். சுற்றுக்கு ஒரு வளைவை, குலுக்கலில் பெயர் வந்த ரசிகர் வீட்டிலிருந்தே ஓட்டலாம். காருக்குள் இருப்பவர் அந்த வளைவு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பூபதியின் பெயர் விழுந்தது. அதே வளைவு. முதலிடத்தில் போகும் பவதாரணியின் கார்.

"இன்னிக்காவது காட்டுங்க, பாக்கலாம்," என்றாள் மனைவி கோமதி.

பந்தயக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்த ஸ்டியரிங்கைப் பிடித்து ஹெட்போனை மாட்டினார் பூபதி. எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே பவதாரணி மூச்சு வாங்குவது கேட்டது. வளைவுக்கு வெகு முன்னாலேயே பூபதி பிரேக்கை மிதித்துவிட்டார். நாலு கார்கள் முந்திப் போயின. போனில் ஊர் உலகமே அவரைத் திட்டியது.

"டவுன் பஸ்ஸே இதவிட வேகமாப் போகுமுங்க," என்றாள் கோமதி.

பூபதியின் காதில் பவதாரணியின் குரல் மெதுவாக வந்தது.

"ரொம்ப நன்றிங்ணா. இன்னிக்கு பிரேக் போட்ட மொத ஆளு நீங்கதான்."