பர்வீனின் தேர்வாளர்

கட்டடப் பாதுகாப்பு வடிவமைப்பாளர்கள் வருஷாவருஷம் தங்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஒருவருடைய வேலையைச் சோதிக்க, அவர்மேல் அதிகம் பொறாமைப்படும் சக வடிவமைப்பாளரைத்தான் ஆணையம் அனுப்பும். அந்தக் கண்ணுக்கு எந்தக் குறையும் தப்பாது.

பர்வீனைச் சோதிக்கும்படி இருதயராஜுக்கு உத்தரவு வந்தது. அவரைவிடப் பத்து வயது இளையவள். நகரத்தின் உயரமான கட்டடமெல்லாம் அவளைத் தேடித்தான் போகிறது.

"உங்க வயித்தெரிச்சல் ஊருக்கே தெரிஞ்சுபோச்சு," என்று சிரித்தாள் மனைவி ஸ்டெல்லா.

மூன்று வாரம் பர்வீனின் இருபது மாடிக் கட்டடத்தைச் சல்லடை போட்டுச் சலித்தார் இருதயராஜ். அவசரப் படிக்கட்டை டேப் வைத்து அளந்தார். புகையைத் தடுக்கும் கதவுகளை நாற்பது முறை சாத்திப் பார்த்தார். பாவி, ஓர் அங்குலம்கூடப் பிசகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, 'தகுதியுடையவர்' என்று கையெழுத்திட்டார்.

அடுத்த மாதம் அவருடைய முறை. பர்வீனுக்கும் தன்மேல் பொறாமை இருக்கும், அவள்தான் வருவாள் என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு காத்திருந்தார். ஆணையத்தின் கடிதம்தான் வந்தது. ஸ்டெல்லா வாசித்தாள்.

"தங்கள்மேல் பொறாமை கொண்டவர் எவரும் பதிவேட்டில் இல்லை. ஆகவே தங்கள் வரைபடங்களை இயந்திரமே சரிபார்க்கும்."

"நல்லதாப் போச்சுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்."

"பர்வீன் பேரு எங்கேயாவது இருக்கான்னு இன்னொரு தடவை பாரு," என்றார் இருதயராஜ்.