மழைக்குமுன் பூசிய தார்

மழைக்குமுன் என் வீட்டு மொட்டைமாடிக்குத் தார் பூசியாயிற்று. ஓரத்திலிருந்து பூசிக்கொண்டே வந்ததில் நானும் என் மைத்துனன் ரங்கனும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஆறாத தாரில் பாதம் ஒட்டி நிற்கிறோம். விரிசலடைக்கும் சுண்ணாம்புக்காகக் கைப்பிடிச் சுவரில் ஊறவைத்த கடுக்காய் வெல்லத் தண்ணீரை, பக்கத்து அமிர்திக் காட்டிலிருந்து வந்து மரத்தின் வழியே மாடியேறிய கரடி ஒன்று பானைக்குள் தலைவிட்டுக் குடிக்கிறது. சளக், சளக். “மாமா, ஓடலாமா?” என்று ரங்கன் முணுமுணுக்கிறான். “கால் வந்தா ஓடுடா.” பானை காலியாகிறது. கரடி எங்களை நோக்கி நான்கடி வைக்கிறது, ஐந்தாவது எழவில்லை. தன் காலைப் பார்க்கிறது, பிறகு என் காலை. கடுக்காய் வாசமடிக்கும் அதன் மூச்சு என் மீசையை ஆட்டுகிறது. மழை சடசடவென்று இறங்குகிறது. அதன் முன்கால் ஒன்று, தாரை நூல்நூலாக இழுத்தபடி, மெல்ல எழுகிறது. கீழே வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி பெரியம்மாள் பூரித்துக் கத்துகிறாள்: “ஒரு சொட்டு ஒழுவலிங்க! மேல இன்னா பண்றீங்க?”