ராக்டால் கீறாது

"பெர்ஷியன் பூனை, டாக்டர். பிடிக்கப் போனா, இவ முகத்தையே கிழிச்சிடுச்சு. பூனைக்குப் பயணச் சான்றிதழ் மட்டும் சீக்கிரம் குடுங்க, ரயிலுக்கு நேரமாச்சு" என்றான் அந்த ஆள்.

பூனை டாக்டர் அவன் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தார். தாடையைச் சுற்றிக் கட்டு. ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது, கழுத்தில் ஐந்து விரல் தடம். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முடி நீளமா இருந்தா எல்லாம் பெர்ஷியனா? பெர்ஷியனுக்கு முகம் சப்பையா இருக்கும். காதுல குஞ்சம் வச்ச மெயின் கூன் கீறுச்சுன்னாலும் நம்பித் தொலைக்கலாம். இது ராக்டால்யா, பூனையிலேயே பரம சாது!"

கூடையிலிருந்து பூனையைத் தூக்கினார். அது ஈரத்துணி மாதிரி கையில் துவண்டு கிடந்தது.

"இதுவா கீறுச்சு? மனுஷனா நீ?" பளாரென்று ஓர் அறை.

"சார், நான் வந்து..."

"வாயத் திறக்காத!" அடுத்த அறையில் அவன் உதடு கிழிந்தது.

அவள் டாக்டரின் கையைப் பிடித்து இழுத்தாள். கட்டுக்குள்ளிருந்து முனகல்தான் வந்தது. இத்தனை அடி வாங்கியும் புருஷனுக்குப் பரிந்துகொண்டு வருகிறாளே என்று அவருக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

டாக்டர் போனை எடுத்ததும் அவன் பாய்ந்தான். "ஐயோ, போலீஸ் மட்டும் வேணாம் சார்!"

டாக்டர் ஸ்டீல் தட்டால் அவன் மண்டையில் ஓங்கி ஒரு போடு போட்டார். தரையெல்லாம் ரத்தம் தெறிக்க, அவன் மேஜையடியில் சுருண்டு விழுந்தான்.

தினமும் கூடவே ஷட்டில் ஆடும் இன்ஸ்பெக்டர்தான் போனை எடுத்தார். அடிபட்ட பெண், ராக்டால் பூனை, ரயில் என்று டாக்டர் மூச்சுவிடாமல் கொட்டினார். இன்ஸ்பெக்டர் பாதியிலேயே குறுக்கிட்டார்.

"பூனைக்கு நெத்தியில வெள்ளைக் கோடு இருக்கா?"

"இருக்கு. எதுக்குக் கேக்கறீங்க?"

"ரெண்டு பேரையும் வெளிய விடாதீங்க. இதோ வந்துட்டேன்."

டாக்டர் வாசல் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "பயப்படாதம்மா. இனிமே உன் மேல ஒருத்தன் கை வைக்க மாட்டான். இன்ஸ்பெக்டரே நேர்ல வர்றார்."

அவள் கட்டைப் பிய்த்தெறிந்தாள். கீழே கிடந்தவனின் தலையை அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். வாசலில் ஜீப் வந்து நின்றது.

"இது எங்கண்ணன் டாக்டர்... நீங்க கூப்பிட்டீங்களே, அவர்தான் என் புருஷன்!"