எந்தக் கை

சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் பிரேக் காலிப்பர் இறுகிப்போனதால், எண்ணெய்க் குழாயைப் பிரிக்காமல் அதைக் கழற்றி மடியில் வைத்திருந்தான் தனசீலன். உள்ளே சிக்கிய பிஸ்டனை வெளியே தள்ள, காருக்குள் மனைவி பிரமிளா பெடலை மிதிக்க வேண்டும். பத்து எண்ணி ஒரு மிதி என்று அவன்தான் சொல்லியிருந்தான். பிஸ்டன் தெறித்துவிடாமல் எதிரே முட்டுக்கொடுத்திருந்த கட்டை சரிந்தது. அதை நிமிர்த்த இடுக்கில் விரல்களை விட்டான். அவள் பத்து எண்ணி முடித்து மிதித்தாள். பிஸ்டன் நகர்ந்து விரல்களைக் கவ்வியது. அவள் காலை எடுத்தும் அது பின்வாங்கவில்லை.

"விரல் மாட்டிக்கிச்சு. இன்னொரு தடவ மிதிச்சா போச்சு. டிக்கியில பிஸ்டனை உள்ள தள்ளுற கிளாம்ப் இருக்கு, எடுத்துட்டு வா."

"எந்தக் கைங்க?"

"வலது கை."

"நேத்து என்னை அறைஞ்சதா?"

கார்க் கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து அவள் குரல் நிதானமாக வந்தது.

"ஒண்ணு."