கல்வராயன் மேல் மேகம்

கண்ணாடிக்கு வெளியே எதுவும் இல்லை.

மலை இல்லை. வானம் இல்லை. இறக்கையின் நுனிகூட இல்லை. வெறும் வெள்ளை.

முதல் மேகத்தைக் கண்டதுமே அவன் விமானத்தைச் சேலத்துக்குத் திருப்பியிருக்க வேண்டும். புது உரிமம் சட்டைப்பையில் இருக்கும்போது யாருக்குத்தான் திரும்பத் தோன்றும்? சின்ன மேகம்தானே, அந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கும் என்று நுழைந்துவிட்டான்.

கீழே எங்கோ கல்வராயன் மலை.

எதிரே நூலில் ஒரு குட்டி வேல் தொங்கியது. ஆடாமல், நேராக. அதைப் பார்த்து, விமானமும் நேராகத்தான் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டான். உடம்பும் அதையே சொன்னது.

சாய்வு காட்டும் கருவி மட்டும், வலப்பக்கம் சாய்ந்திருக்கிறாய் என்றது.

கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தான்.

உயரம் காட்டும் முள் இறங்கியது. விமானத்தின் மூக்கைத் தூக்கினான். முள் இன்னும் வேகமாக இறங்கியது.

அப்போதுதான் உறைத்தது. வட்டமடித்துச் சாயும் விமானத்தில் வேலும் சேர்ந்தே சாயும். உட்கார்ந்திருப்பவனும் சாய்வான். சாய்ந்தது தெரியவே தெரியாது.

"மன்னிச்சுக்கப்பா முருகா."

வேலைப் பிடுங்கிப் பையில் போட்டான். கருவியை மட்டும் பார்த்து இறக்கைகளைச் சமன் செய்தான். கவிழ்கிறாய், கவிழ்கிறாய் என்று உடம்பு கத்தியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முள் நின்றது.

மலை எவ்வளவு பக்கத்தில் என்று தெரியவில்லை. இவ்வளவு தனியாக அவன் ஒருபோதும் இருந்ததில்லை.

ரேடியோவில் உதவி கேட்க வெட்கமாக இருந்தது. பயம் அதையும் விழுங்கியது. பொத்தானை அழுத்தினான். பாடம் பண்ணி வைத்திருந்த ஆங்கிலம் ஒரு சொல்கூட வரவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெண்.

"பதறாதீங்க சார். தமிழ்லயே சொல்லுங்க."

சொன்னான். மேகத்துக்குள் மாட்டிக்கொண்டதை, எதுவுமே தெரியாததை.

திசை சொன்னாள். ஏறச் சொன்னாள். ஏறினான். வெள்ளை விலகவில்லை.

"விமானத்துல எத்தனை பேர் சார்?"

எதற்குக் கேட்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். மலையில் தேடப் போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டும்.

பக்கத்து இருக்கையைப் பார்த்தான்.

காலையில் அவன் மகள் மதுவந்தி அதில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்ஜின் உறுமியதும் அழத் தொடங்கினாள். "பயமா இருக்குப்பா. நான் எறங்கிக்கிறேன்." அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று ஆத்திரம். என்ஜினை அணைத்து இறக்கிவிட்டான். கையசைத்தாள். அவன் அசைக்கவில்லை.

"ஒருத்தர்" என்றான்.

"ஒருத்தர்தானே சார்?"

"ஆமா மேடம். ஒருத்தர்தான். நான் மட்டும்தான்."

அதை மறுபடி சொல்வதற்காகவே, அவள் இன்னொரு முறை கேட்கமாட்டாளா என்றிருந்தது.